முகாம் லிஸ்ட்டை குரூப்ல போடாதீங்க!

(ராசிபுரம் இணைய அணி பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். நாம நடத்தின மருத்துவ முகாமுக்கு வந்தவங்க பேரு, செல் நம்பர், சுகர் அளவு எல்லாம் ஒரே எக்செல் ஷீட்ல இருந்துச்சு. நம்ம வேலையைக் காட்டணும்னு அதை அப்படியே வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன். மறுநாள் ஒரு அக்கா போன் பண்ணாங்க. "தம்பி, எம்பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கோம். அவளுக்கு சுகர்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சே"ன்னாங்க. உடனே டெலீட் பண்ணேன். அதுக்குள்ள எத்தனை போன்ல இறங்குச்சோ, தெரியாது.

இது சின்ன விஷயம் இல்லீங்க. 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். 5 சர்வர், சுமார் 1.3 டெராபைட் தகவலை ஹேக்கர்கள் பூட்டிட்டாங்க. பல நாள் எல்லாமே கையெழுத்துலதான் நடந்துச்சு. அதுக்கு அடுத்த வாரமே, தமிழ்நாட்டு ஸ்ரீ சரண் மெடிக்கல் சென்டரின் சுமார் 1.5 லட்சம் நோயாளிகள் விவரம் இணையத்தில் விலைக்கு வந்திருப்பதாக கிளவுட்செக் நிறுவனம் அறிவித்தது. 2007 முதல் 2011 வரையிலான பழைய பதிவுகள். பழசுன்னு விட்டது பத்து வருஷம் கழிச்சு சந்தைக்கு வந்திருக்கு!

"ஆராய்ச்சிக்குத்தானே, பேரை எடுத்துட்டுத்தானே கொடுக்கறோம்"னு சிலர் கேப்பீங்க. "34 வயசு, பெண், இன்ன கிராமம், டயாலிசிஸ்" - இதுக்கு மேல பேரு எதுக்கு? ஊர்க்காரங்களுக்கு ஆளு தெரிஞ்சிடும்.

பாஸ்வேர்டு திருடு போனா மாத்திக்கலாம். வியாதியை மாத்த முடியுமா?

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனா சட்டம் வர்றதுக்கு முன்னாடி நாம திருந்தணும்.

இனி நம்ம முகாம்ல:

1. தேவையானதை மட்டும் கேளுங்க. ஆதார் நம்பர் வேண்டாம்.
2. எதுக்கு எழுதறோம்னு சொல்லி, சம்மதம் வாங்குங்க.
3. பேருக்குப் பதில் குறியீட்டு எண். பேரும் எண்ணும் உள்ள பட்டியல் தனியா, பாஸ்வேர்டோட, ஒருத்தர் பொறுப்பில்.
4. வயசை 30-40னு, ஊரை ஒன்றிய அளவில் குறிங்க.
5. வேலை முடிஞ்சதும் அழிச்சிடுங்க.

அந்த அக்கா வீட்டுக்கே போய் மன்னிப்பு கேட்டேன். டீ கொடுத்தாங்க. ஆனா அடுத்த முகாமுக்கு வர்றேன்னு சொல்லல.

இந்தப் பதிவைப் பகிருங்க தோழர்களே. லிஸ்ட்டை வேண்டாம்!