பரிசோதனை முடிவு உரியவர் கைக்கு

எச்.ஐ.வி. தொற்றைப் பற்றிய இந்தக் கருத்தரங்கில் மருத்துவர்களும் ஆய்வகத்தாரும் ‘நம்பிக்கை மையம்’ எனப்படும் எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களின் ஆலோசகர்களும், தொற்றோடு வாழ்வோரின் அமைப்புகளைச் சேர்ந்தவர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். பேச வேண்டியது ஏராளம். இந்தத் தலைமையுரை ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒருவரின் இரத்தத்தில் வைரஸ் இருப்பது ஆய்வகத்துக்குத் தெரிந்த பிறகு, அது அந்த மனிதருக்கு எப்போது தெரிகிறது, எப்படித் தெரிகிறது?

இந்தியாவில் இந்தக் கேள்வி சென்னையில் பிறந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், ஆய்வுக்குத் தலைப்புத் தேடிய மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எய்ட்ஸைத் தேடிப் பார்க்கச் சொன்னார். மும்பையிலும் புனேயிலும் தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சென்னையில் கிடைக்கும் என்று நிர்மலாவே நம்பவில்லை. ஆனாலும் தேடினார். பாலியல் தொழிலில் இருந்து பிடிபட்ட பெண்களை அடைத்து வைத்த காப்பகத்துக்குக் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். மூன்று மாதத்தில் 80 பேரின் இரத்தம் சேர்ந்தது. பிரித்தெடுத்த சீரம் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே இருந்தது. எலிசா பரிசோதனைக்கு வேலூர் போக வேண்டும். 1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு இரவு ரயில் ஏறினார்கள். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில், தொற்றுக்கு அடையாளமாக ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின.

அமெரிக்காவிலும் அது உறுதியானது. தமிழகச் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நாடே அதிர்ந்தது.

அந்த ஆறு பெண்களுக்கு யாராலும் எதுவும் தர முடியவில்லை. முதல் மருந்தான ஏ.இசட்.டி.க்கு அமெரிக்காவே 1987 மார்ச்சில்தான் அனுமதி கொடுத்தது. அவர்களின் இரத்தம் ஒரு நாட்டை எச்சரித்தது. பதிலுக்கு நாடு அவர்களுக்கு எதையும் கொடுக்கவில்லை. இந்தத் துறையில் வேலை செய்கிற எவரும் அந்தக் கடனை மறக்கக் கூடாது. சுனிதி சாலமன் மறக்கவில்லை. 1993இல் அவர் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர், நோயாளிகளை மருத்துவமனைகள் திருப்பி அனுப்பிய காலத்தில் அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்தது.

அப்படி அஞ்சி விலக்கக் காரணமில்லை; தொற்று பரவும் வழிகள் மிகக் குறைவு. இரத்தம், விந்து, பெண்ணுறுப்பு மற்றும் ஆசனவாய்த் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றால் மட்டுமே பரவும். பாதுகாப்பற்ற உடலுறவு, பகிர்ந்த ஊசி, சோதிக்காத இரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு என்று வழிகள் முடிந்துவிடுகின்றன. கொசு கடித்தால் வராது. கொசு உடம்பில் செலுத்துவது தன் எச்சிலை, முன்பு குடித்த இரத்தத்தை அல்ல. இந்த வைரஸ் கொசுவுக்குள் பெருகவும் முடியாது. ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது எதிலும் ஆபத்தில்லை. தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி செவிலியர் கையில் குத்திவிட்டால்கூட, தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்றுதான். அந்த மூன்றையும் தடுக்க மருந்து உண்டு. 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். இந்த மருந்து தங்கள் மருத்துவமனையில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இரவுப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அறிகுறிகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று எண்ணுவோர் இன்னும் உண்டு. தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, நெறி கட்டுதல், தோலில் தடிப்பு வரும். சிலருக்கு எதுவுமே வராது. வந்தாலும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள், தானாகச் சரியாகும். பிறகு எட்டு, பத்து ஆண்டுகள்கூட ஆள் நன்றாகவே இருப்பார். வேலைக்குப் போவார், கல்யாணம் செய்துகொள்வார், இரத்த தானமும் செய்வார். உடல் இளைப்பு, மாதக் கணக்கில் வயிற்றுப்போக்கு, வாயில் வெண்படலம், காசநோய் என்று தெரிய வரும்போது எதிர்ப்புச் சக்தியைத் தாங்கும் சி.டி.4 அணுக்கள் பெரும்பாலும் 200க்குக் கீழே போயிருக்கும். எய்ட்ஸ் என்பது அந்தக் கடைசிக் கட்டம். எச்.ஐ.வி. உள்ளவரெல்லாம் எய்ட்ஸ் நோயாளி அல்லர்.

ஆகவே பரிசோதனை ஒன்றே வழி. அதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. நம்பிக்கை மையத்தில் எடுக்கும் இரத்தத்தில் வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடுகிறார்கள். அவை உருவாக 23 முதல் 90 நாள் ஆகலாம். அந்த இடைவெளியில் ‘தொற்று இல்லை’ என்று வரும் முடிவை முழுதாக நம்ப முடியாது. மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்காமல் ஒருவரை அனுப்பினால், பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

பரிசோதனை சரியாக நடந்தும் முடிவு உரியவரைச் சேராமல் போனால் என்ன ஆகும் என்பதை 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் காட்டியது. கருவுற்ற பெண்ணுக்கு இரத்தசோகை, இரத்தம் ஏற்றினார்கள். கொடுத்தவர் ஓர் இளைஞர். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், அவரே வந்து சொன்னார். அதற்குள் இரத்தம் ஏறிவிட்டது. விசாரித்தபோது இன்னொன்று வெளியே வந்தது. 2016இல் அவர் கொடுத்த இரத்தத்திலேயே வைரஸ் கண்டறியப்பட்டிருந்தது. அந்தச் செய்தி அவருக்குப் போகவில்லை. இரண்டு ஆண்டுகள் மருந்தில்லாமல், எச்சரிக்கை இல்லாமல் கழிந்தன. உண்மையைத் தேடி வந்து சொன்ன அந்த இளைஞர் அம்மாத இறுதியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் தாய்க்கு மருந்து தொடங்கினார்கள். பிறந்த குழந்தைக்குத் தொற்றவில்லை.

குழந்தை தப்பியது தற்செயலன்று. மருந்து இல்லையென்றால் தாயிடமிருந்து நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றும். மருந்து உண்டென்றால் ஐந்துக்குக் கீழே வந்துவிடும். அந்த இளைஞருக்கும் இதே மருந்து முன்பே கிடைத்திருக்கும், யாராவது சொல்லியிருந்தால்.

முடிவு சேராமல் போவதற்கு இன்னொரு முகம் குடும்பத்துக்குள் இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் தமிழகச் சுவர்களெல்லாம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விழிப்புணர்வு விளம்பரத்தால் கேட்டன. டீக்கடையில் வாய்விட்டுப் பேச வைத்த விதத்தில் அந்த விளம்பரம் பெரிய காரியம் செய்தது. ஆனால் இது தப்பான ஆளுக்கு வரும் நோய் என்ற நினைப்பையும் அது சேர்த்தே பதித்தது. அதே காலத்தில் சென்னையில் சிகிச்சைக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி அப்படித் தொற்றுக்கு ஆளானவர். மணமகனுக்குத் தன் நிலை தெரியும், மணமகளுக்குச் சொல்லவில்லை. முகத்தை மறைக்காமல் இதை ஊரறியச் சொன்ன அவர், 1998இல் தொற்றோடு வாழும் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். அந்தத் துணிச்சல் இல்லாமல் இன்றைய கொள்கைகள் பலவும் வந்திருக்க முடியாது.

இன்று ஒருவரிடம் ‘தொற்று இருக்கிறது’ என்று சொல்வதற்கு 1986இல் இல்லாத பொருள் உண்டு. 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளின் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதுவரை விலை 10,000 டாலருக்கு மேல். 2004 ஏப்ரல் 1இல் அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் திறந்த மையங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அதன்பின் வந்த அறிவியல் செய்திகளில் பெரியது, சென்னையும் புனேயும் பங்கெடுத்த எச்.பி.டி.என். 052 ஆய்வு. ஒருவருக்குத் தொற்று உள்ள 1,763 இணையர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2011இல் வெளியான முடிவில், துணையிடமிருந்தே வந்ததாக உறுதியான 28 புதிய தொற்றுகளில் 27 சிகிச்சை தள்ளிப்போடப்பட்ட பிரிவில் நிகழ்ந்திருந்தன. உடனே மருந்து தொடங்கியவர்கள் பிரிவில் ஒன்றே ஒன்று. மருந்தால் வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்து நிலைத்தவர், உடலுறவு வழியாகப் பிறருக்குப் பரப்புவதில்லை என்பது இப்போது ஐயமற்ற உண்மை. இதைத் தொற்றுள்ளவர்களிடம் சொல்லத் தயங்கும் மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொன்னால் ஆணுறையை விட்டுவிடுவார்கள் என்பது அவர்கள் அச்சம். மற்றப் பால்வினை நோய்களுக்கு ஆணுறை வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. நல்ல செய்தியை மறைத்து வைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

தடுப்பிலும் புதிய காலம் வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசி 2024இல் வெளியான ஓர் ஆய்வில் 2,134 பெண்களுக்குப் போடப்பட்டது, ஒருவருக்கும் தொற்றவில்லை. அதை மலிவாகத் தயாரிக்கும் உரிமம் இந்திய நிறுவனங்களுக்கும் கிடைத்திருக்கிறது. ஊசி இங்கே யாருக்கு முதலில் போய்ச் சேர வேண்டும் என்பதை இந்த அவை வெளிப்படையாக விவாதிக்க வேண்டும்.

முதலில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியிடக் கூடாது, வேலை தரச் சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது என்கிறது. ஆனால் இரகசியம் காப்பது என்பதை உரியவரிடமே சொல்லாமல் இருப்பது என்று சில இடங்களில் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இரத்த வங்கியில் தொற்று தெரிந்தால் கொடையாளியை அழைப்பது யார், எத்தனை நாளுக்குள், அவர் வராவிட்டால் அடுத்தது என்ன, அழைத்துச் சொல்லும்போது பக்கத்தில் ஆலோசகர் இருக்கிறாரா? முதல் அமர்வு இதைப் பற்றியதாக அமைந்திருப்பது பொருத்தம். இரத்த வங்கி அலுவலர்களும் ஆலோசகர்களும் தங்கள் பதிவேட்டு நடைமுறைகளை ஒருவர் மற்றவருக்கு விளக்குவதோடு அமர்வு தொடங்கட்டும்.