மூச்சுக்குப் பயந்தவள்

நடுவர் அவர்களே! உல்லாசப் பயணம் வீண் செலவுன்னு எதிரணியிலே முழங்கிட்டுப் போனாங்க. 2021 பிப்ரவரியிலே, கொரோனாவுக்கு நடுவிலே, நானும் என் வீட்டுக்காரரும் மாலத்தீவு போனோம். "இந்த நேரத்திலே கடலுக்குள்ளே இறங்கணுமா?"ன்னு மாமியார் கேட்டாங்க. நியாயமான கேள்விதான்!

அவருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போனதாலே, நுரையீரல் நல்லா இருக்குன்னு டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஸ்கூபாவுக்கே சேர்த்துக்கிட்டாங்க. பயிற்சியாளர் சொன்ன முதல் பாடம், "மூச்சை மட்டும் அடக்காதீங்க." அடுத்து இன்னொரு குழாயைக் காட்டினார். கூட வர்றவருக்குக் காற்று தீர்ந்துட்டா, நம்ம சிலிண்டரிலிருந்து கொடுக்கறதுக்காம்!

அய்யா, அவருக்குத் தொற்று வந்த 14 நாளும் சாப்பாட்டுத் தட்டை அறை வாசல்லே வெச்சுட்டு ஓடினவ நான். 12 மீட்டர் ஆழத்திலே பயந்து திரும்பினேன். ஒரு கை தூரத்திலே அவர். பிடிச்ச கையைக் கரையேறியும் விடலை.