பெயர் காக்கும் மொழிபெயர்ப்பு



சிறப்புப் பாயிரம் கூறவேண்டியவற்றை வகுக்கும் நன்னூல், ஆக்கியோன் பெயரையே முதலில் வைக்கிறது. பெயர் தொலைந்தபோதும் தமிழ் மரபு புலவரைக் கைவிடவில்லை. குறுந்தொகைப் பாடலின் உவமையைக் கொண்டே ஒருவரைச் செம்புலப்பெயனீரார் என்று அழைத்தது. ஆக்கியோன் பெயரைக் காப்பது மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய கடமை. அக்கடமை இன்று கணினி விளையாட்டிலும் வந்து நிற்கிறது.

விளையாட்டை ஆக்குவோரும் ஒருகாலத்தில் பெயருக்காக ஏங்கியவர்களே. அட்டாரி நிறுவனம் ஆக்கியோர் பெயரை வெளியிடாதிருந்த நாளில், 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டை இயற்றிய வாரன் ராபினெட், அதனுள் ஒரு மறைவறை அமைத்துத் தம் பெயரை அங்கே பொறித்து வைத்தார். 1980இல் வெளிவந்த விளையாட்டு அது. பிற்காலத்திலோ விளையாட்டின் முடிவில் பெயர்ப்பட்டியல் நீண்டு ஓடுவது வழக்கமாயிற்று.

அப்பட்டியலில் பிறர்க்குரிய சட்டக் குறிப்புகள் தனிப்பகுதியாக நிற்கும். எந்த நிறுவனமும் எல்லாவற்றையும் தானே ஆக்கிக்கொள்வதில்லை. எழுத்துகளைத் திரையில் வரைய 'ஃப்ரீடைப்' போன்ற பிறர் ஆக்கங்களை எடுத்தாள்கிறது. ஃப்ரீடைப்பின் சொந்த உரிமம் ஆவணத்தில் தன்னைக் குறிப்பிடுமாறு கேட்கிறது. எம்.ஐ.டி. உரிமம், பதிப்புரிமை அறிவிப்பும் இசைவுரையும் படிதோறும் இடம்பெறவேண்டும் என்கிறது. இவற்றுக்கு விலை பணமன்று, பெயரே விலை.

மொழிபெயர்ப்பாளர் கைக்கோ எல்லாச் சொற்களும் ஒரே அட்டவணையாக வந்து சேர்கின்றன. வீரனின் வசனமும் உரிம வாசகமும் அங்கே அடுத்தடுத்த வரிகள். வசனத்தில் அழகு சேர்க்கும் துணிவு, உரிம வாசகத்தில் பிழையாகிவிடும். 'இசை', 'ஓவியம்' முதலிய தலைப்புகளைத் தயங்காமல் பெயர்க்கலாம். பதிப்புரிமை அறிவிப்பையும் உரிமத்தையும் மூலமொழியிலேயே நிறுத்தவேண்டும். வணிகச் சின்னம் பற்றிய வாசகத்தை, உரியவர் ஒப்பிய வடிவம் கிடைத்தாலன்றித் தொடலாகாது.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தன் பொது உரிமத்தைப் பிறமொழிகளில் பெயர்க்க இசைகிறது. ஆயினும் அப்பெயர்ப்பு அதிகாரபூர்வமானதன்று, ஆங்கில மூலமே சட்டப்படி செல்லும் என்னும் அறிவிப்பை உடன் வைக்கச் சொல்கிறது. ஒரு சொல் பிறழ்ந்தால், வழங்காத உரிமையை வழங்கியதாகப் பொருள்பட்டுவிடும் என்பதே அச்சம்.

காப்பதோடு கடமை முடிவதில்லை, சேர்ப்பதும் உண்டு. விளையாட்டைத் தமிழாக்கும்போது தமிழ் எழுத்துரு புதிதாக நுழைகிறது. 'நோட்டோ சான்ஸ் தமிழ்' எழுத்துருவைச் சேர்த்தால், எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தையும் அதன் பதிப்புரிமை அறிவிப்பையும் உடன் சேர்க்கவேண்டும். மூலப் பட்டியலில் அது இராது, தமிழாக்குவோரே நினைவூட்டவேண்டும். மேலும், பட்டியலைக் காட்டும் எழுத்துருவில் உரோமன் எழுத்துகளும், ஐரோப்பியப் பெயர்களில் வரும் மேற்குறிகளும் இல்லையெனில், பெயர் நிற்கவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்களே தோன்றும். மொழிபெயர்ப்பில் பிழையில்லாமலே ஒருவர் பெயர் அழிந்துபோகும் வழி இது.

இவை வெறும் சடங்கல்ல என்பதற்கு ஒரு வழக்கே சான்று. இராபர்ட் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இயற்பியல் பேராசிரியர், பொம்மை இரயில்களை இயக்கும் மென்பொருளைப் பிறரோடு சேர்ந்து ஆக்கி இலவசமாக வழங்கினார். அதிலிருந்து எடுத்தாண்ட நிறுவனம் ஒன்று ஆக்கியோர் பெயர்களையும் பதிப்புரிமைக் குறிப்பையும் விட்டுவிட்டது. கூட்டாட்சி வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல், அத்தகைய நிபந்தனைகள் பதிப்புரிமைச் சட்டத்தாலேயே நிலைநாட்டத் தக்கவை என்று தீர்த்தது. விலையின்றித் தந்தவர் உரிமையின்றித் தந்தவர் ஆகார்.

கவிஞர் பெருமக்களே, படைப்பைத் தமதெனக் கூறும் உரிமையை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, தன் 57ஆம் பிரிவில் ஆக்கியோனுக்கு அளிக்கிறது. தம் கவிதை பெயரின்றி அச்சேறும்போது வரும் நோவை அறிந்தவர்கள் இந்த அவையினர். விளையாட்டின் மொழிபெயர்ப்பாளரும் தம் பெயரைப் பட்டியலில் கோரலாம், கோரவும் வேண்டும். பிறர் பெயரை ஓர் எழுத்தும் சிதையாமல் காத்துத் தந்த பின் எழும் கோரிக்கைக்கு வலிமை மிகுதி.