காணாமல் போன ‘ழு’
(சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 84-ஆம் வருஷத்து பி.காம். கணக்குப் பதிவியலில் நான் வாங்கின மார்க் சாருக்கு ஞாபகம் இருக்காது என்ற நம்பிக்கையில்தான் மேடை ஏறியிருக்கிறேன். செயலாளர் கூப்பிட்டு, “நீ கோடம்பாக்கத்தில் இத்தனை வருஷம் இருந்திருக்கே, சினிமா பத்தி ஏதாவது சுவாரஸ்யமாப் பேசேன்” என்றார். நடிகர் நடிகையரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். எனக்குத் தெரிந்த சினிமா காகிதத்தில் இருக்கிற சினிமா. வசனப் பிரதி டைப் அடிக்கிறவன் நான். ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன். கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாசாரமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தியேட்டர் போய்ப் பெயர் மட்டும் பஸ் நிறுத்தமாக நிற்கிற லிபர்ட்டிக்கும் பவர் ஹவுசுக்கும் நடுவில் ஒரு சந்தில் 1996-இல் டிடிபி கடை போட்டேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், இரண்டு மர ஸ்டூல். உதவி இயக்குநர்கள் பரீட்சை அட்டையில் கிளிப் போட்ட தாள்களோடு வருவார்கள். நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் நடிப்பும் வலது பக்கம் வசனமும் எழுதியிருக்கும். மறுநாள் காலை ஷூட்டிங் என்றால் முதல் நாள் ராத்திரி பதினொன்றுக்குத்தான் சீன் வரும். ‘பவுண்ட் ஸ்கிரிப்ட்’ என்கிற சொல்லை அப்போது பாதிப் பேர் கேலியாகத்தான் சொல்வார்கள். கமல்ஹாசன் 1992-இல் வந்த ‘தேவர் மகன்’ படத்தையே மூவி மேஜிக் என்ற மென்பொருளில் எழுதினார் என்று பேசிக்கொள்வார்கள். எங்கள் சந்துக்கு அந்த மாதிரி சமாசாரம் எல்லாம் எட்டவில்லை.

என் கடைக்கு வந்தவர்களில் ஒரு வசனகர்த்தா. பெயர் வேண்டாம், எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’. மற்றவர்கள் படங்களுக்கு வசனம் எழுதிப் பிழைத்தவர், தனக்கென்று ஒரே ஒரு கதை வைத்திருந்தார். 1998-இல் அதை முழுசாக என்னிடம் டைப் அடிக்கக் கொடுத்தார். மூன்று மாதம் ஆச்சு. அவர் திருத்தத் திருத்த நான் அடித்தேன். காசு பாதிதான் கொடுத்தார், நானும் கேட்கவில்லை. படம் தயாராகவே இல்லை. அண்ணன் 2011-இல் போய்விட்டார்.

2019-இல் அவர் மகள் என்னைத் தேடி வந்தாள். அவளும் இப்போது உதவி இயக்குநர். “சித்தப்பா, அப்பா கதையை நான் எடுக்கணும். காகிதப் பிரதி எல்லாம் 2015 வெள்ளத்தில் போச்சு. ஜாபர்கான்பேட்டை வீட்டில் கீழ் அலமாரியில் இருந்தது. இது ஒண்ணுதான் மிச்சம்” என்று ஒரு சி.டி.யை நீட்டினாள். சி.டி. மேல் இருந்தது என் கையெழுத்து.

அன்றைக்கு நான் பயன்படுத்திய தமிழ் மென்பொருள், கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு பூட்டுக் கட்டை சொருகினால்தான் ஓடும். அந்தக் கட்டையும் இல்லை, அதை விற்ற நிறுவனமும் இல்லை. நல்லவேளை, அந்தக் காலத்தில் நான் புத்திசாலித்தனமாக வெறும் டெக்ஸ்ட் கோப்பாகவும் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். அதைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் கிறுக்கல் குறிகளும்!

இதற்குக் காரணம் நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது, அதனால் சொல்கிறேன். அந்தக் கால எழுத்துருக்கள் கம்ப்யூட்டரை ஏமாற்றின. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 256 அறைகள். அதில் ஆங்கிலம் குடியிருந்த வீட்டில் நம் எழுத்தின் படத்தை ஒட்டிவைத்தார்கள். எழுத்துரு இருக்கிறவரை தமிழ், எடுத்துவிட்டால் கிறுக்கல். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி ஒட்டியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று தரம் கொண்டுவந்தது, கூடவே தமிழ்99 விசைப்பலகையும். 2010-இல் யுனிகோடைத் தரமாக அறிவித்தது. யுனிகோடில் தமிழுக்குத் தனி வீடு, யாரையும் ஏமாற்ற வேண்டாம்.

பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் உண்டு. நம் எழுத்துரு அவற்றில் இல்லாததால், எந்த அறையில் எந்த எழுத்து என்று பழைய பிரிண்ட் ஒன்றை வைத்துக்கொண்டு நானே அட்டவணை போட்டேன். மாற்றினேன். தமிழ் வந்தது. மகளுக்குக் கண்ணில் தண்ணீர். நான் முதல் சீனை உரக்கப் படித்தேன்: “லட்சுமி அதாள். ராமு எந்து வந்தான்.”

என்ன இது? அடுத்த பக்கம், “முசா சொல்லுடா”. அதற்கடுத்து, “கால் தடுக்கி விந்தான்”. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. பிரதி முழுக்க ‘ழு’ என்ற ஒரே எழுத்து இல்லை. அந்த நிறுவனம் ‘ழு’வை 173-ஆம் அறையில் வைத்திருக்கிறது. அந்த அறை, தேவைப்பட்டால் மட்டும் தெரிகிற இணைப்புக் கோட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டது. 160-ஆம் அறையும் அப்படித்தான், அது உடையாத இடைவெளி. பல மென்பொருள்கள் இந்த இரண்டையும் எழுத்தாகவே மதிக்காது. நான் டெக்ஸ்டாக மாற்றின அன்றைக்கு, ‘ழு’ எல்லாம் சத்தமில்லாமல் உதிர்ந்துபோயிருக்கிறது. கொடுக்கும் முன் ஒரு பக்கம் திறந்து படித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் படிக்கவில்லை. அண்ணன் கதையில் முக்கால்வாசிப் பேர் அழுகிறவர்கள். அதில் போய் ‘ழு’!

சரி, இனிமேல் செய்ததைச் சொல்கிறேன். இதை எல்லோரும் வீட்டில் செய்யலாம், காசு செலவில்லை.

நான் வேர்ட் மாதிரி கருவியை விட்டுவிட்டு வெறும் டெக்ஸ்ட் எடிட்டருக்கு வந்தேன். மைக்ரோசாப்ட் 2015-இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டுடியோ கோட் இலவசம். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கானது, பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம். திரைக்கதைக்கு ஃபவுன்டன் என்று ஒரு எழுத்து முறை இருக்கிறது. ஜான் ஆகஸ்ட், ஸ்டூ மாஷ்விட்ஸ் என்ற இரண்டு ஹாலிவுட்காரர்கள் தனித்தனியே செய்து வந்ததை ஒன்றாக்கி 2012-இல் வெளியிட்டார்கள். அது ஒரு மென்பொருளே இல்லை, சில மரபுகள், அவ்வளவுதான். சாதாரணமாக எழுதிக்கொண்டே போகலாம், கருவி அதைக் காட்சி, பாத்திரம், வசனம் என்று பிரித்துக்கொள்ளும். எடிட்டரில் ‘பெட்டர் ஃபவுன்டன்’ என்ற இணைப்பைப் போட்டால் பக்கத்திலேயே பிரதியாகத் தெரியும்.

போட்டேன். தமிழில் ஒரு சீன் அடித்தேன். எல்லாம் நடிப்பு விவரமாகவே வந்தது, ஒரு வசனம்கூட வசனமாக வரவில்லை. ஏன் தெரியுமா? ஒரு வரி முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால் அது பாத்திரத்தின் பெயர் என்பது அவர்கள் மரபு. நம் எழுத்தில் பெரிய எழுத்து ஏது, சின்ன எழுத்து ஏது? தொல்காப்பியர் காலத்திலிருந்து எல்லாம் ஒரே உயரம்தான். இதில் இன்னொரு வேடிக்கை. “எல்லாம் பெரிய எழுத்தா?” என்று கேட்கிற புரோகிராமுக்கு ஒரு தமிழ் வரியும் பாத்திரப் பெயர் இல்லை. “சின்ன எழுத்து ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்கிற புரோகிராமுக்கோ எல்லாத் தமிழ் வரியும் பாத்திரப் பெயர்!

வழி அந்த மரபுக்குள்ளேயே இருந்தது. வரியின் முதலில் @ போட்டால் கட்டாயம் பாத்திரம். ஒற்றைப் புள்ளி போட்டால் கட்டாயம் காட்சித் தலைப்பு. ஆச்சரியக்குறி போட்டால் கட்டாயம் நடிப்பு விவரம். ஆகவே நம் சீன் இப்படி இருக்கும்:

.உள் - ராமு வீடு, கூடம் - இரவு

ராமு கதவைத் திறக்கிறான்.

@அம்மா
(திரும்பாமல்)
சாப்பிட்டாச்சா?

இந்த மூன்று குறிகள் பழகினால் ஒரு முழுப் படம் எழுதிவிடலாம். இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதுவது குறிப்பு, அது பிரதியில் அச்சாகாது. இந்த அடைப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

கோப்பை யுடிஎஃப்-8 என்ற முறையில்தான் சேமிக்க வேண்டும், கீழே வலது மூலையில் காட்டும். எழுத்துருப் பட்டியலில் ஆங்கிலத்துக்கு அடுத்து ஒரு நல்ல தமிழ் எழுத்துருவைச் சேர்க்க வேண்டும். நான் நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்திருக்கிறேன். பிடிஎஃப் எடுக்கும்போதுதான் தலைவலி. இந்தக் கருவிகள் பலவும் கூரியர் எழுத்துருவை நம்பியவை, அதில் தமிழ் கிடையாது, கட்டம் கட்டமாக வரும். தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும் சில கருவிகள் கொம்பை முன்னால் தள்ளத் தெரியாமல் பின்னால் விட்டுவிடும். ஸ்கிரீன்பிளெய்ன் என்ற சின்னக் கருவியால் எச்டிஎம்எல்-ஆக மாற்றி, பிரவுசரில் திறந்து அங்கிருந்து அச்சிடுகிறேன். பிரவுசருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்கிற ஹாலிவுட் கணக்கு நமக்குச் செல்லாது. வசனத்தை வாய்விட்டுப் படித்துக் கடிகாரம் பார்ப்பதுதான் கணக்கு.

இதோடு பைதானைச் சேர்த்துக்கொண்டேன். அறுபதுக்குப் பக்கத்தில் பைதான் படித்தேன் சார், சிரிக்காதீர்கள். முப்பது வரியில் ஒரு நிரல். புள்ளியில் தொடங்கும் வரி வந்தால் புது சீன், @ வந்தால் அந்த சீனில் அந்த ஆள் உண்டு. இவ்வளவுதான் யோசனை. எடிட்டரில் ஒரு தடவை சொல்லிவைத்துவிட்டால், கன்ட்ரோல், ஷிப்ட், பி மூன்றையும் சேர்த்து அமுக்கினால் ஆர்ட்டிஸ்ட் லிஸ்டும் லொகேஷன் லிஸ்டும் தானாக வரும். உதவி இயக்குநர்கள் இரண்டு ராத்திரி சார்ட் பேப்பரில் கோடு போட்ட வேலை அது. விண்டோஸில் கோப்பைத் திறக்கும் வரியில் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழையபடி கிறுக்கல் வரும்.

பைதானிடம் ‘கோடம்பாக்கம்’ எத்தனை எழுத்து என்று கேட்டேன். 12 என்றது. நாம் எண்ணினால் 7. அது க-வைத் தனியாக, ஓகாரக் குறியைத் தனியாக, புள்ளியைத் தனியாக எண்ணுகிறது. வட்டில் பிடிக்கிற இடம் 36 பைட். தமிழ்99-இல் அடிக்க 10 தட்டு போதும், நடுவில் வருகிற இரண்டு புள்ளியை அதுவே போட்டுக்கொள்ளும். நாம் எண்ணுகிற மாதிரி 7 என்று சொல்ல ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. இது விளையாட்டு இல்லை. ‘கோ’வை ஒற்றைக் குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, தேடினால் ஒன்று மற்றதில் சிக்காது. அதேபோல ‘அவர்’ என்பதில் ர-வுக்குப் பதில் துணைக்காலைப் போட்டுப் புள்ளி வைத்திருப்பார்கள். அண்ணன் பிரதியில் அப்படி ஏராளம், அடித்தவன் நான்தானே. முதல் வகையைச் சரிசெய்யப் பைதானில் ஒரே வரி. இரண்டாவதற்குத் தேடி மாற்ற வேண்டும்.

இப்போது ‘ழு’வுக்கு வருகிறேன். அண்ணன் எழுதிய வேறு சில வசனங்களிலிருந்து ஒரு சொற்பட்டியல் தயாரித்தேன். பட்டியலில் இல்லாத சொல்லில் ‘ழு’வை ஒவ்வோர் இடமாகச் செருகிப் பார்த்து, பட்டியலில் இருக்கிற சொல் ஆகிவிட்டால் அதைப் போடு என்று நிரல். ‘அதாள்’, ‘விந்தான்’, ‘முசா’ எல்லாம் ஒரு நொடியில் திரும்பி வந்தன. ஆனால் விழுந்த பிறகும் தமிழாகவே நிற்கிற சொற்கள் இருக்கின்றனவே! ‘கழுத்து’ போய் ‘கத்து’ ஆகிறது. ‘எழுது’ போய் ‘எது’ ஆகிறது. அவற்றை நிரல் தொடாது. அந்த மாதிரி இடங்களையெல்லாம் அந்த இரட்டை அடைப்புக்குள் கேள்விக்குறி போட்டுக் குறிக்கச் சொன்னேன். நூற்றுச் சொச்சம் இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கடைக்கு வருவாள், இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்போம். “அப்பா ‘கத்து’ன்னு எழுதமாட்டார் சித்தப்பா, ‘கூவு’ன்னுதான் எழுதுவார்” என்பாள். அடுத்த இடத்துக்குப் போவோம். ஐந்து வாரம் ஆச்சு.

ஒரு இடத்தில் மட்டும் நின்றுவிட்டோம். கடைசிக்கு முந்தின சீன். பிள்ளைகள் பாத்திரம் பண்டம் வரை பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். சின்னவன் பெட்டியோடு பம்பாய்க்குக் கிளம்புகிறான். வாசலில் அம்மா சொல்கிற ஒரே வசனம், “எனக்கு எது”. ‘எனக்கு எழுது’ என்று மகனிடம் சொல்கிறாளா? இல்லை, ‘எனக்கு எது?’ என்று பாகம் கேட்கிறாளா? கேள்விக்குறி இல்லையே என்று நான் சொன்னேன். அப்பா கேள்விக்குறியே போடமாட்டார் என்றாள் அவள். அடித்தவன் நான். எனக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். நிறைய நாள் யோசித்துப் பார்த்தேன், அந்தச் சீனை அடித்த ராத்திரி கரண்ட் போனது ஞாபகம் இருக்கிறது, வசனம் ஞாபகம் வரவில்லை.

மிச்சப் பிரதி சுத்தமாகிவிட்டது. அவள் எழுத்தாளர் சங்கத்தில் அப்பா பெயரிலேயே பதிவு செய்தாள். தயாரிப்பாளர் தேடிக்கொண்டிருக்கிறாள். நம் கல்லூரிக்காரர்கள் யாராவது அந்தத் துறையில் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் பேசுங்கள். அந்த வரி மட்டும் இரட்டை அடைப்புக்குள் இரண்டு விதமாகவும் இருக்கிறது. ஷூட்டிங் அன்றைக்கு நடிக்கிற அம்மாவிடமே கேட்டுக்கொள்கிறேன் என்கிறாள்.

முப்பது வரி நிரலையும் எடிட்டரில் செய்ய வேண்டிய மாற்றங்களையும் பென் டிரைவில் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் 2000-க்கு முன்னால் தமிழில் அடித்த கோப்பு ஏதாவது சி.டி.யிலோ பிளாப்பியிலோ கிடந்தால், திறந்து ஒரு பக்கமாவது படித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள். செயலாளர் மணியைப் பார்க்கிறார்.