பட்டுப் பாதையில் எந்த மாதம் புறப்படுவது?

விடிவதற்கு முன்பே எழுந்து, வாசலுக்கு வந்து, வானத்தை அண்ணாந்து பார்ப்பது பால்வெட்டுக் குடும்பங்களின் பழக்கம். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. வெட்டு இல்லையென்றால் அன்றைய வரும்படிக்கும் வழியில்லை. வானத்தைப் பார்த்துப் பிழைப்பு நடத்திப் பழகிய நமக்கு, இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் அந்நியமாகத் தோன்றாது. நமக்கு வானம் ஒரு நாள் சம்பளத்தை முடிவு செய்கிறது. நாம் இன்று பார்க்கப்போகும் வழியில் அது உயிரையே முடிவு செய்தது.

சீனாவிலிருந்து மேற்கே போன பழைய தரை வழியைப் பட்டுப் பாதை என்கிறோம். இந்தப் பெயரைப் பரப்பியவர் ரிக்தோஃபன் என்ற ஜெர்மன் புவியியல் அறிஞர், 1877-ஆம் ஆண்டில். அதில் நடந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை அது அடுத்த ஊருக்குப் போகும் வழி, அவ்வளவுதான். இன்று சியான் என்று சொல்லப்படும் சாங்கான் நகரிலிருந்து புறப்பட்டால், கோபிப் பாலைவனத்தின் ஓரமாகவே சென்று துன்ஹுவாங் என்ற ஊரை அடையலாம். அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. நடுவில் தக்லமகான் என்ற மணல் கடல். ஒரு வழி அதற்கு வடக்கே, மற்றொன்று தெற்கே. இரண்டும் காஷ்கர் நகரில் மறுபடி கூடுகின்றன. அதற்கப்பால் பாமீர் மலைகளைத் தாண்டினால் சமர்க்கந்து, பாரசீகம், பிறகு மத்திய தரைக் கடல்.

தக்லமகானின் பரப்பு ஏறக்குறைய 3,30,000 சதுர கிலோமீட்டர். நம் மலேசியாவின் பரப்பும் ஏறக்குறைய அதே அளவுதான். பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை, சபா, சரவாக்கையும் சேர்த்து, ஒரு மரம்கூட இல்லாமல் மணலாகவே இருப்பதாக எண்ணிப் பாருங்கள்.

அங்கே ஏன் மழை இல்லை? மழை கடலிலிருந்து வருகிறது. அந்த இடமோ கடலிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, கண்டத்தின் நடுவில் கிடக்கிறது. போதாக்குறைக்கு இமயமும் திபெத் மேட்டுநிலமும் தெற்கே சுவர் எழுப்பி நிற்கின்றன. இந்தியாவுக்கு மழை கொண்டுவரும் பருவக்காற்று அந்தச் சுவரில் மோதித் தன் நீரையெல்லாம் இந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. இதன் சிறிய உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. நெகிரி செம்பிலானில் உள்ள ஜெலுபு, மலைகள் சூழ்ந்த இடம் என்பதால் தீபகற்பத்தில் மழை மிகக் குறைந்த பகுதியாக இருக்கிறது. ஆனாலும் ஜெலுபுவில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. பட்டுப் பாதையில் உள்ள துர்பானிலோ ஆண்டு முழுவதும் பெய்வது 16 மில்லிமீட்டர். இங்கே ஒரு மாலை மழை அதைவிட அதிகமாகப் பெய்துவிடும்!

காற்றில் ஈரம் இல்லாததால் இன்னொன்றும் நடக்கிறது. நம் வானத்தில் மேகமும் ஈரமும் இரவில் கம்பளி போல் மூடிக்கொள்கின்றன. அதனால் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அங்கே அந்தக் கம்பளி கிடையாது. பகலில் மணல் வாங்கிய சூடு, பொழுது சாய்ந்ததும் வானத்தோடு போய்விடும். பகலில் வெயிலில் தவித்த மனிதன் இரவில் குளிரில் நடுங்குவான்.

இப்படிப்பட்ட வழியில் எந்த மாதம் புறப்படுவது? வணிகக் கூட்டத்துக்குப் பழந்தமிழில் ‘சாத்து’ என்று பெயர். அந்தச் சாத்துத் தலைவனுக்கு முதல் கவலை கள்வரும் அல்ல, சுங்கமும் அல்ல, இந்தக் கேள்விதான்.

வசந்த காலம் இதமாக இருக்கும் என்று நினைப்போம். அந்த நாட்டில் அதுதான் புழுதிப்புயலின் காலம். ‘காரா புரான்’ என்பார்கள். கரும்புயல் என்று பொருள். பகலிலேயே இருட்டிவிடும். காற்று மணலோடு சிறு கற்களையும் அள்ளி வீசும். வழிச்சுவடு அடியோடு மறைந்துவிடும். புயல் வருமுன் வயதான ஒட்டகங்கள் அதை அறிந்து, ஒன்றாகக் கூடி, மூக்கை மணலில் புதைத்துக்கொள்ளும் என்றும், அதைக் கண்டதும் மனிதர்களும் கம்பளித் துணியால் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வார்கள் என்றும் பழைய சீன வரலாற்று நூல் ஒன்று குறித்து வைத்திருக்கிறது. வானிலை நிலையம் இல்லாத காலத்தில் கிழட்டு ஒட்டகமே வானிலை அறிக்கை வாசித்திருக்கிறது.

கோடையோ இன்னும் மோசம். துர்பானின் மிகத் தாழ்ந்த பகுதி கடல்மட்டத்துக்கும் கீழே, 154 மீட்டர் பள்ளத்தில் இருக்கிறது. அங்குள்ள சான்பாவ் என்ற ஊரில் 2023 ஜூலை 16-இல் வெப்பம் 52.2 டிகிரி செல்சியசைத் தொட்டது. நம் நாட்டில் பதிவான உச்ச வெப்பம், 1998-இல் பெர்லிஸ் மாநிலத்து சுப்பிங்கில், 40.1 டிகிரி. பக்கத்தில் செந்நிறப் பாறை மலைத்தொடர் ஒன்று இருக்கிறது. பெயர் தீச்சுவாலை மலை. நம் சீன அண்டைவீட்டார் வணங்கும் குரங்குக் கடவுள், மந்திர விசிறியால் நெருப்பை அணைத்து வழி உண்டாக்கிய கதையைச் சிலர் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பீர்கள். அந்தக் கதையில் வரும் மலை இதுதான்.

இந்த அடுப்புக்குள் ஊர் எப்படி இருக்கிறது? வடக்கே தியான்ஷான் மலையில் பனி உருகுகிறது. அந்த நீரைத் திறந்த வாய்க்காலில் விட்டால் வெயில் குடித்துவிடும் என்று, மக்கள் நிலத்துக்கு அடியில் சுரங்க வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். அதைக் ‘காரெஸ்’ என்பார்கள். துர்பானில் அப்படி ஆயிரத்துக்கு மேல் வெட்டப்பட்டன. விளக்கு வெளிச்சத்தில் குனிந்து வெட்டி, மண்ணைக் கூடைகூடையாக மேலே அனுப்பிய உழைப்பாளிகளின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அந்த நீரில் திராட்சை விளைகிறது. தோட்டங்களில் ரப்பர் தகடுகளைப் புகை மூட்டிக் காயவைத்த கொட்டகை நினைவிருக்கும்; அங்கே ஓட்டை விட்டுக் கட்டிய மண் கட்டடத்தில் திராட்சைக் குலைகளைத் தொங்கவிடுவார்கள். புகை வேண்டாம், நெருப்பும் வேண்டாம், வெறுங்காற்றே காயவைத்துவிடும்.

கதையில் குரங்குக் கடவுள் துணைபோன துறவி ஓர் உண்மையான மனிதர். அவர்தான் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த யுவான் சுவாங். எல்லையைத் தாண்டக் கூடாது என்ற அரச உத்தரவை மீறி, காவல் கோபுரங்களுக்குத் தெரியாமல் தனியே பாலைவனத்தில் இறங்கினார். அங்கே தண்ணீர்ப் பை கைநழுவி விழுந்து, இருந்ததெல்லாம் மணலில் ஊற்றிப்போய்விட்டது. நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு சொட்டு நீர் இல்லை. ஐந்தாம் இரவு குளிர்ந்த காற்று வீசிய பிறகே எழுந்து நடக்க முடிந்தது. அவர் இழுத்த பக்கம் போகாமல் கிழட்டுக் குதிரை வேறு பக்கம் திரும்பிப் புல்லும் நீரும் உள்ள இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அதோடு சோதனை முடியவில்லை. பிறகு குச்சா என்ற ஊரில் அறுபது நாளுக்கு மேல் காத்திருந்தார்; முன்னே உள்ள மலை வழி பனியால் மூடிக் கிடந்தது. காத்திருந்து புறப்பட்டும், மலையைக் கடந்த ஏழு நாளில், உடன் வந்தவர்களில் பத்துக்கு மூவர் நால்வர் குளிரிலும் பசியிலும் இறந்தார்கள். அந்த மலைகளைத் தாண்டிய மனிதர்தான் பிற்பாடு நம் காஞ்சிபுரம் வரை வந்தவர். கி.பி. 645-இல் நூல் சுமைகளோடு சாங்கானுக்குத் திரும்பினார்.

இப்போது ஒரு முடிச்சு தெரிகிறது அல்லவா? பாலைவனத்தில் வசந்தத்தில் புயல், கோடையில் தீ. அதைக் கடக்க நல்ல காலம் குளிர்காலம். ஆனால் குளிர்காலத்தில் மலைக் கணவாய்கள் மூடிவிடும். மணலுக்கு ஏற்ற மாதம் மலைக்கு ஆகாது. மலைக்கு ஏற்ற மாதம் மணலுக்கு ஆகாது.

மாதம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வென் ஹெடின் என்ற சுவீடன் நாட்டுப் பயணியின் கதை போதும். 1895 ஏப்ரலில் நான்கு ஆட்களோடும் எட்டு ஒட்டகங்களோடும் தக்லமகானுக்குள் புகுந்தார். கிழக்கே கோத்தான் ஆறு இருக்கிறது, அதை எட்டிவிடலாம் என்பது கணக்கு. கடைசி ஏரியில் பத்து நாளுக்குத் தண்ணீர் நிரப்பச் சொன்னதாகவும், ஆட்கள் நான்கு நாளுக்கே நிரப்பியதாகவும் பிற்பாடு எழுதினார். தலைவர் தாமே ஒரு முறை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா என்று நமக்குத் தோன்றுகிறது. இறந்தவர்கள் எழுந்து வந்து மறுமொழி சொல்லப்போவதில்லையே! இருவர் இறந்தார்கள், ஒட்டகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஹெடின் தவழ்ந்து தவழ்ந்து மே மாதத் தொடக்கத்தில் ஆற்றை அடைந்தார். ஆறு வறண்டு கிடந்தது! மலைப் பனி உருகி அந்த ஆற்றில் வெள்ளம் வருவது கோடையில்தான். அகன்ற ஆற்றுமணலைக் கடந்து போகையில் நீர்ப்பறவை ஒன்று படபடத்துக் கிளம்பும் ஓசை கேட்டது. அங்கே ஒரு குட்டையில் மட்டும் நீர் எஞ்சியிருந்தது. வயிறார குடித்துவிட்டு, தம் காலணிகள் இரண்டிலும் நீரை நிரப்பி, பின்னால் விழுந்து கிடந்த துணைவர் காசிமுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். காசிம் பிழைத்தார்.

அதே ஹெடின் 1899 டிசம்பரில் மறுபடி அந்தப் பாலைக்குள் போனார். இந்த முறை தண்ணீரை ஐஸ் கட்டியாக ஒட்டகத்தின் மேல் ஏற்றிக்கொண்டார். 1906 டிசம்பரில் லௌலான் என்ற பாழூரைத் தேடிப்போன ஆரல் ஸ்டைனும் சாக்குகளில் ஐஸ் கட்டிகளைத்தான் சுமந்து போனார். ஐஸ் ஒழுகாது, பை நழுவி விழுந்தாலும் பொறுக்கிக்கொள்ளலாம். விரல் மரத்துப்போகும் அந்தக் குளிரே தண்ணீரைக் காத்துக் கொடுத்தது. ஒட்டகத்துக்கும் அதுதான் தோது. இரட்டைத் திமில் ஒட்டகத்துக்குக் குளிர்காலத்தில் அடர்ந்த மயிர் இருக்கும். கோடையில் அது உதிரும்போது மேய்ச்சலில் விட்டுக் கொழுக்க வைப்பார்கள். திமிலில் இருப்பது தண்ணீர் என்று பலர் எண்ணுகிறார்கள், அது கொழுப்பு.

மலையைப் பற்றிக் கொஞ்சம். பாமீரில் 4,000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சீனக் குறிப்பிலேயே அந்தப் பக்கத்து மலைகளுக்குப் பெரிய தலைவலி மலை, சின்னத் தலைவலி மலை என்ற பெயர்கள் இருக்கின்றன. ஏறினால் தலைவலி, வாந்தி. கழுதைக்கும் மாட்டுக்கும்கூட அப்படியே. 1270-களில் அவ்வழியே போன மார்க்கோ போலோ, நெருப்பு அங்கே பிரகாசமாக எரியவில்லை என்று கண்டு, குளிர்தான் காரணம் என்றார். உண்மைக் காரணம் காற்றின் மெலிவு. அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். உலை தளதளவென்று கொதிக்கும், அரிசி மட்டும் வேகாது. கோடையில் வழி திறந்தாலும் ஆற்றில் கவனம் வேண்டும். பகல் வெயிலில் பனி உருகி மாலையில் வெள்ளம் ஏறும், விடியற்காலையில் வடிந்திருக்கும். அனுபவசாலிகள் கரையில் படுத்திருந்து விடியலில் ஆற்றைக் கடந்தார்கள்.

ஆகவே ஒரே மூச்சில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனவர்கள் மிகச் சிலர். ஒரு சாத்து பாலையைக் கடந்து காஷ்கரில் சரக்கை இறக்கும். மலை வழி தெரிந்த வேறொரு கூட்டம், கணவாய் திறந்ததும் அதை எடுத்துப்போகும். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் சீனப் பட்டு ரோமாபுரிக்குப் போய்ச் சேர்ந்தது. காத்திருந்த ஊர்களில் சத்திரம் வந்தது, சந்தை வந்தது, கோயில் வந்தது, ஒருவர் மொழியை மற்றவர் கற்றார்கள். நெய்தவருக்கு உடுத்தியவரைத் தெரியாது. உடுத்தியவருக்கு நெய்தவரைத் தெரியாது. நாம் எடுத்த பாலும் எந்த நாட்டு வண்டியில் சக்கரமாக ஓடுகிறதோ, யார் கண்டார்கள்!

இப்போது தக்லமகானின் குறுக்கே தார்ச்சாலை இருக்கிறது. முதல் சாலை 1995-இல் போட்டு முடிந்தது. ரயிலும் ஓடுகிறது. ஊர்களுக்கு நீர் தந்துவரும் மலைப் பனியாறுகள், பூமி சூடேறுவதால் சுருங்கி வருகின்றன. அது புதிய கவலை. காற்று மட்டும் பழைய காற்றுதான். 2007 பிப்ரவரியில் துர்பான் அருகே அது ஒரு பயணிகள் ரயிலின் 11 பெட்டிகளைக் கவிழ்த்துவிட்டது, உயிர்களும் போயின. அந்தப் பக்கம் இருப்புப்பாதை ஓரமாக இன்று காற்றுத் தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அப்படியும் காற்று அளவு மீறினால் ரயில் நிலையத்திலேயே நின்றுவிடும். பயணிகள் காத்திருக்கிறார்கள், குச்சாவில் யுவான் சுவாங் காத்திருந்தது போல.