தராசு கொடி பார்ப்பதில்லை

(தெல்தோட்டையில் நடந்த தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாங்கள் படிப்பிக்கும் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த இரண்டு பிள்ளைகள், தேர்தல் முடிந்த கிழமை தள்ளி உட்கார்ந்தார்கள். ஏன் என்று கேட்டோம். “அவங்க வேற கட்சி சேர்” என்றாள் ஒருத்தி. இரண்டு வீடும் ஒரே லயம். ஒரே பீலியில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஓட்டுப் போடும் வயதே வராத பிள்ளைகளுக்கு நடுவில் சுவரைக் கட்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

கருத்து வேறுபாடு குற்றமில்லை. சங்கத்துக்குள்ளேயே நாம் வாதாடுகிறோம். ஆனால், மற்றச் சங்கத்துக்காரர் வீட்டுச் சாவுக்குக்கூடப் போகாமல் இருப்பது கருத்து வேறுபாடு அல்ல, பகை.

இந்தப் பகை எங்கிருந்து வந்தது? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் நம்மவர்களில் மிகப் பெரும்பாலானோரின் வாக்கும் போனது. வாக்கில்லாத சனத்துக்கு உரிமை கிடைக்காது, சலுகைதான் கிடைக்கும். சலுகைக்காகப் பெரிய இடத்து வாசலில் காத்து நிற்கப் பழகினோம். 1950களில் அமைப்பு பிளந்தது. பிறகு சங்கங்கள் பெருகின. பிரஜாவுரிமையும் வாக்கும் திரும்பக் கிடைத்த பிறகும் வாசலில் நிற்கும் பழக்கம் போகவில்லை.

இன்றைக்கும் கூரைத்தகடு, வீடு, வேலை என்று வருவது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் “நம்ம ஆளா?” என்று பார்த்துக் கொடுக்கப்பட்டால், பக்கத்துக் காம்பராக்காரர் எதிரியாகத்தான் தெரிவார். நம் சங்கமும் இந்தத் தவறைச் செய்ததில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது.

இப்போது கைப்பேசியும் சேர்ந்துவிட்டது. 2018 மார்ச்சில் நம் கண்டி மாவட்டத்தில், திகன பக்கம் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்புப் பரவுவதைத் தடுக்க முகநூலையும் வாட்ஸ்அப்பையும் அரசாங்கம் சில நாள் நிறுத்த வேண்டி வந்தது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே பஸ்ஸில் ஏறி இறங்கும் தெல்தோட்டையில் இருக்கும் நாம் இதை மறக்கலாமா?

இந்தப் பிளவு ஆறுமா? ஆறும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டப் போராட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் உயிரிழந்தார். அதை விசாரித்த ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா, ஒரு சிங்களச் சட்டத்தரணி. இனம் அங்கே குறுக்கே நிற்கவில்லை.

1984 ஏப்ரலில் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அந்த வருடம்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் கிடைத்தது. அதுவரை மலையில் நின்ற நம் அம்மாமாருக்கு, பெண் என்பதற்காகவே குறைந்த சம்பளம். ஒரு சங்கம் தனியாகக் கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா? அன்றும் கொடிகள் பல இருந்தன. கோரிக்கை ஒன்றாக இருந்தது.

ஆகவே, நாம் மூன்று விஷயங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று: வீட்டுப் பட்டியலோ தகட்டுப் பட்டியலோ எதுவானாலும் பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்பட வேண்டும். யாருக்கு, ஏன் என்பது தெரிந்தால் சந்தேகம் பாதி குறையும். முதலில் நம் சங்கம் தயாரிக்கும் பட்டியலை வாசிப்போம்.

இரண்டு: கோயில் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் கட்சிக் கொடி வேண்டாம்.

மூன்று: சம்பளம், கொழுந்து நிறை, குடிநீர், காணி ஆகிய நான்குக்கும் தோட்டத்தின் எல்லாச் சங்கத் தலைவர்களும் ஒரே கடிதத்தில் ஒப்பமிட வேண்டும். அவர்கள் நம்மிடம் வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நாமே போய்க் கேட்போம்.

தோழர்களே, தராசில் கொழுந்து நிறுக்கும்போது கழிக்கிற கிலோ எல்லோருக்கும் ஒன்றுதான். சந்தா எந்தச் சங்கத்துக்குப் போகிறது என்று தராசு கேட்பதில்லை. அடுத்த தேர்தலுக்கு யாருக்கு வேண்டுமானாலும் வாக்களியுங்கள். ஆனால், மறுநாள் காலையில் நம் பிள்ளைகள் பழையபடி ஒரே வாங்கில் உட்கார வேண்டும்.