கணக்குதான் பாதி

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குள் போனால் ஈ.சி.ஜி., டயாலிசிஸ், வென்டிலேட்டர் என்று எத்தனை மெஷின்கள்! இந்த மாதிரிக் கருவிகளை உருவாக்கவும் பராமரிக்கவும் சொல்லித்தரும் படிப்புதான் பயோமெடிக்கல் இன்ஜினியரிங். கிண்டி பொறியியல் கல்லூரியிலேயே இருக்கிறது. இடம் குறைவு, போட்டி அதிகம்.

மருத்துவம் சம்பந்தப்பட்ட படிப்பாச்சே என்று சில பிள்ளைகள் பயாலஜியையே விழுந்து விழுந்து படிக்கிறார்கள். பாவமாக இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃபில் பயாலஜி மார்க் சேராது. சேரவே சேராது. கணக்குக்கு 100. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100. ரெண்டு பேர் தூக்கும் மூட்டையைக் கணக்கு ஒரே ஆளாகத் தூக்குகிறது.

இயற்பியலில் ரெண்டு மார்க் போனால் கட்-ஆஃபில் ஒன்றுதான் குறையும். கணக்கில் ரெண்டு போனால் ரெண்டுமே போச்சு. அதனால் பிளஸ் டூ பிள்ளைகளே, கணக்கை விடாதீர்கள்.

இன்னொன்று. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களா? உங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. எந்தெந்த வகுப்பு எந்தப் பள்ளியில் என்பதை விண்ணப்பத்தில் சரியாக நிரப்புங்கள்.